முட்டித் தேய்மானம் என்றார்கள், அம்மா சொல்வதோ எரிச்சலும் கரண்ட் அடிப்பதும். இது எந்த வலி?

மேலூர்_செல்வி

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. சத்துணவுக் கூடத்தில் 26 வருடம் சமைத்தவர். அண்டாவைத் தூக்கி இறக்கி, தரையில் உட்கார்ந்து காய் நறுக்கி, குனிந்து குனிந்தே முட்டி போய்விட்டது என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டு முட்டியிலும் தேய்மானம், கிரேடு 2 (நான்கு வரை போகும் அளவில்) என்று எழுதியிருக்கிறது.

மாடிப்படி ஏறும்போது வரும் வலி, காலையில் எழுந்ததும் கால் நீட்டி மடக்க முடியாத பிடிப்பு, இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். வலி மாத்திரை போட்டால் அது கேட்கும். ஒரு வருடமாக வருவது வேறு மாதிரி இருக்கிறது. ராத்திரி படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். இடது முட்டியின் உள்பக்கம் மிளகாய்ப்பொடி தூவினது போல எரிகிறது என்கிறார். சேலைக் கரை பட்டாலே துடிக்கிறார், போர்வையை உதறிவிடுகிறார், ஃபேன் காற்றுகூடப் பிடிக்கவில்லை. நடுவில் சுரீர் என்று கரண்ட் மாதிரி முட்டியிலிருந்து முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது. இதற்கு எந்த வலி மாத்திரையும் கேட்கவில்லை. ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறார்.

போன மாதம் காட்டிய இடத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றும் பெரிதாக இல்லையே, இவ்வளவு வலி இருக்காதே" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா வலியைப் பற்றி வாயே திறப்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா பொய் சொல்கிற ஆள் இல்லை. இப்படி யாருக்காவது இருந்திருக்கிறதா?

சேலத்துக்காரன்

அக்கா, சவ்வு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, அவ்வளவுதான். தள்ளிப்போடாமல் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துவிடுங்கள். என் பெரியம்மா இரண்டு காலும் மாற்றி இப்போது கோயில் படி ஏறுகிறார். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்த பிறகு செலவும் குறைந்திருக்கிறது, காப்பீட்டு அட்டை இருந்தால் அதிலும் கேட்டுப் பாருங்கள்.

தஞ்சை_பிசியோ

சேலம் தம்பி சொல்வது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் கிரேடு 2 படத்தை வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. செல்வி, அம்மா சொன்னதாக நீங்கள் எழுதிய வார்த்தைகளைத் திரும்பப் படியுங்கள். எரிகிறது, சேலை பட்டால் துடிக்கிறது, கரண்ட் மாதிரி இறங்குகிறது. தேய்மான வலிக்கு நம் ஆட்கள் இந்த வார்த்தைகளைச் சொல்வதில்லை. கடுக்கிறது, குடைகிறது, பிடித்துக்கொள்கிறது, முட்டி கனக்கிறது என்பார்கள். பதினெட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு இது பாதி நோயறிதலாகவே ஆகிவிட்டது. வலிக்கு நம்மிடம் இத்தனை சொற்கள் இருக்கின்றன, மருத்துவமனைக்குப் போனதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு "வலிக்குது டாக்டர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

சவ்வு தேய்வதால் வலிக்கிறது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சவ்வு என்று நாம் சொல்லும் அந்தக் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலிப்பதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவை: மூட்டின் உள்ளுறை, குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு, தசைநார்கள், முட்டிச்சில்லுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்புத் திட்டு. தேய்மானம் முற்றும்போது அடி எலும்பிலிருந்து புது ரத்தக்குழாய்கள் குருத்தெலும்புக்குள் ஏறும், அவற்றோடு சன்ன நரம்புகளும் ஏறும். எக்ஸ்ரேயில் இது எதுவுமே தெரியாது. அது எலும்பின் வடிவத்தையும் இடைவெளியையும் காட்டும், அவ்வளவே. கிரேடு 4 படம் வைத்துக்கொண்டு வயலில் நாற்று நடுகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள், கிரேடு 1 வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருப்பவர்களும் வருகிறார்கள். படத்தில் இல்லை என்பதால் வலி இல்லை என்று ஆகாது. இதை அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், வேறு எதையும் சொல்வதற்கு முன்னால்.

வயலோரம்

நரம்பு நரம்பு என்று கிளப்பிவிடாதீர்கள். எனக்கு 67 வயது, இரண்டு முட்டியும் தேய்மானம்தான். போன ஆடியில் சொந்தக்காரர் ஒருவர் தான் போடும் நரம்பு மாத்திரையின் அட்டையைக் கொடுத்தார், மருந்துக் கடையில் காட்டினேன், கொடுத்துவிட்டார்கள். பிரிகாபலினும் மெத்தில்கோபாலமினும் சேர்ந்தது. ராத்திரிக்கு ஒன்று என்று போட்டு, கேட்கவில்லை என்று காலையிலும் ஒன்று போட்டேன். நாலாம் நாள் விடிகாலையில் பின்கட்டுக்குப் போகும்போது தலை சுற்றி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. தேய்மானத்துக்குப் போய் நரம்பு மாத்திரை கொடுப்பது வியாபாரம் என்பது என் கருத்து.

வலிமருத்துவம்_மதுரை

நான் மயக்கவியல் படித்து இப்போது வலி சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே யாருக்கும் வைத்தியம் சொல்ல முடியாது, நேரில் தொட்டுப் பார்க்காமல் சொல்வது தவறு. ஆனால் இந்த இழையில் வந்த மூன்று கருத்துகளுக்கும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

வயலோரம் ஐயா, உங்களுக்கு நடந்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது, அது அடிக்கடி நடப்பதும்கூட. பிரிகாபலின் தலை சுற்றும், தூக்கம் வரும், கால் வீங்கும், எடை ஏறும். சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, அதனால் வயதானவர்களுக்கும் கிரியாட்டினின் (சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் ஏறும் கழிவு) கூடியவர்களுக்கும் அளவைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும். அடுத்தவர் அட்டையைப் பார்த்துப் போடவே கூடாது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: வெறும் முட்டித் தேய்மானத்துக்கு அந்த மாத்திரை வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் பலவீனம்தான். ஆனால் அதிலிருந்து "முட்டியில் நரம்பு வலியே இல்லை" என்ற முடிவுக்குப் போகாதீர்கள்.

ஜெர்மனியில் 2006-இல் பெயின்டிடெக்ட் என்று ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். முதலில் முதுகுவலிக்காரர்களுக்காகச் செய்தது, பிறகு முட்டிக்கும் பயன்படுத்தினார்கள். அதில் கேட்பது ஏழு விஷயம்: எரிகிறதா, எறும்பு ஊர்வது போல இருக்கிறதா, துணியோ போர்வையோ பட்டால் வலிக்கிறதா, கரண்ட் அடிப்பது போலத் திடீரென்று வருகிறதா, குளிக்கிற தண்ணீரின் சூடோ குளிர்ச்சியோ வலியாகிறதா, மரத்துப்போகிறதா, விரலால் லேசாக அழுத்தினாலே வலிக்கிறதா. இவற்றோடு வலி வரும் விதம், பரவுகிறதா என்பதற்கும் புள்ளி உண்டு. 19-உம் அதற்கு மேலும் வந்தால் நரம்பு சார்ந்த வலிக்கு வாய்ப்பு அதிகம், 12-உம் அதற்குக் கீழும் என்றால் குறைவு, நடுவில் இருப்பது சந்தேகம். முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் இப்படிப்பட்ட கேள்வித்தாள்களை வைத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்த வகை அறிகுறி இருக்கிறது. செல்வி அவர்களின் அம்மா தனி ஆள் இல்லை.

கேள்வித்தாளில் புள்ளி வந்தால் நரம்பு அறுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு விதமாக நடக்கலாம். ஒன்று, உண்மையிலேயே ஒரு நரம்பில் கோளாறு: சர்க்கரையால், பி12 குறைவால், முதுகில் அழுத்தத்தால், அல்லது முட்டியின் உள்பக்கம் வரும் சஃபீனஸ் நரம்பு தொடையில் நெருக்கப்படுவதால். இன்னொன்று, நரம்பு நன்றாகவே இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் முட்டியிலிருந்து வலிச் செய்தி போய்ப்போய்த் தண்டுவடமும் மூளையும் அந்தச் செய்தியைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடும். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டால் மெல்லப் பேசினாலும் அலறும் இல்லையா, அப்படி. தண்டுவடம் இப்படி மாறுகிறது என்பதை கிளிஃபர்ட் உல்ஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1983-இல் எலிகளில் காட்டினார். இந்த வகை வலிக்கு உலக வலி ஆய்வுச் சங்கம் 2017-இல்தான் தனிப் பெயரே கொடுத்தது. அதற்கு முன் எத்தனை பேரிடம் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பியிருப்போம் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

செல்வி, நீங்கள் கேட்க வேண்டிய பரிசோதனைகள்: மூன்று மாதச் சர்க்கரை அளவு, பி12, தைராய்டு, கிரியாட்டினின். மெட்ஃபார்மின் பல வருடம் போட்டால் பி12 குறையும், இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பாதத்தில் உணர்வு எப்படி இருக்கிறது, முதுகைக் குனிந்து நிமிரும்போது கால்வலி மாறுகிறதா, இடுப்பு மூட்டைத் திருப்பினால் முட்டி வலிக்கிறதா, இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முட்டி சிவந்து சூடாக வீங்கிக் காய்ச்சலும் வந்தால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனால், தொடை இடுக்கில் மரத்தால், இவை காத்திருக்கக் கூடாதவை, அன்றே போக வேண்டும்.

கரூர்_தறி

டாக்டர் சொன்ன இடுப்பு விஷயம் எங்கள் வீட்டில் நடந்தது. வீட்டுக்காரருக்கு முட்டியில் மூன்று ஊசி போட்டாயிற்று, குறையவில்லை. கடைசியில் ஒருவர் படுக்க வைத்துக் காலை உள்பக்கம் திருப்பினார், இவர் அலறிவிட்டார். தேய்ந்தது இடுப்பு மூட்டு. வலி மட்டும் முட்டியில் தெரிந்திருக்கிறது. இரண்டு வருடம் முட்டிக்கே தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

யாழ்வாணி

எனக்கும் ஒரு கதை இருக்கு, ஆபரேஷன் செய்யுங்கோ என்று ஒரு தம்பி எழுதியிருந்ததால் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் வலது முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தேன். நடக்கிற நோ முழுக்கப் போய்விட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்கு விறைத்துப்போய், கோயிலில் முழங்கால் ஊன்றினால் யாருடையதோ கால் மாதிரி இருந்தது. அதோடு இரவில் எரிவு. முதல் நான்கு மாதம் சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டது என்று நினைத்து அழுதிருக்கிறேன். முன்கூட்டியே யாராவது இரண்டு வசனம் சொல்லியிருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காது. இப்போது விறைப்பு ஒரு நாணயம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. எரிவு எப்போதாவது வரும்.

வலிமருத்துவம்_மதுரை

அம்மா, நீங்கள் சொன்னது சஃபீனஸ் நரம்பின் ஒரு சிறு கிளை. முட்டிச்சில்லுக்குக் கீழே உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகிறது. முட்டி மாற்றும்போது நடுவில் வெட்டுவதால் அது பெரும்பாலும் அறுபடும், தவிர்ப்பது கடினம். அதனால்தான் வெளிப்பக்கம் மரக்கிறது. முன்பே சொல்லியிருக்க வேண்டும், அது எங்கள் கடமை.

சேலம் தம்பிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மூட்டு மாற்று நல்ல சிகிச்சை, தேவையான ஆளுக்குத் தேவையான நேரத்தில் செய்தால் வாழ்க்கையே மாறும். முட்டியிலிருந்து வரும் செய்தி நின்றதும் கூட்டி வைத்த சத்தம் தானாகக் குறைகிறவர்களும் நிறைய. ஆனால் முட்டி மாற்றியவர்களில் பத்தில் ஒருவர் முதல் மூவர் வரை நீண்டநாள் வலி தொடர்கிறது என்று 2012-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டுகிறது. ஆபரேஷனுக்கு முன்பே எரிச்சலும் தொட்டால் வலியும் இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். அதனால் மூட்டில் கை வைப்பதற்கு முன் நரம்பைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேலத்துக்காரன்

சார், இது எனக்குத் தெரியாது. செல்வி அக்கா, அவசரப்பட்டு எழுதிவிட்டேன், முதலில் டாக்டர் சொன்ன டெஸ்ட் எல்லாம் பாருங்கள். பெரியம்மாவிடமும் கேட்டேன், அவருக்கும் வெளிப்பக்கம் மரத்துத்தான் இருக்கிறதாம், யாரும் கேட்காததால் சொல்லவில்லையாம்.

மேலூர்_செல்வி

எல்லாருக்கும் நன்றி. அந்த ஏழு கேள்விகளையும் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் "விடு, வயசானா அப்படித்தான்" என்றார். எறும்பு ஊர்வது பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்காலிலும் அப்படி இருக்கிறது, செருப்பு கழன்று போவதே சில நேரம் தெரியவில்லை என்று சொன்னார். இது எனக்கே புதுச் செய்தி. ஒரு நோட்டில் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வருகிறேன், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று.

ஒரு கேள்வி. மிளகாய்ப்பொடி தூவினது போல என்று ஏன் சொல்கிறார்? பக்கத்து வீட்டு அக்காவும் அதே வார்த்தையைச் சொல்கிறார்.

வலிமருத்துவம்_மதுரை

அருமையான கேள்வி, இதற்குப் பின்னால் ஒரு நோபல் பரிசே இருக்கிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை வைத்துத்தான் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1997-இல் நம் வலி நரம்புகளில் இருக்கும் ஒரு வாசலைக் கண்டுபிடித்தார். சூட்டுக்குத் திறக்கும் அதே வாசல்தான் மிளகாய்க்கும் திறக்கிறது. 2021-இல் அதற்கு நோபல் கிடைத்தது. உங்கள் அம்மாவின் வலி நரம்புகள் மிளகாயும் இல்லாமல் சூடும் இல்லாமல் தாமாகவே செய்தி அனுப்புகின்றன, மூளை தனக்குத் தெரிந்த எரிச்சலாகவே அதைப் படிக்கிறது. மிளகாய்ச் சத்துக் களிம்பு என்று ஒன்று இருக்கிறது, தொடர்ந்து தடவினால் அந்த நரம்பு முனைகள் அடங்கிப்போகும் என்பது அதன் கணக்கு. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலில் முட்டிக்கு அதை நிபந்தனையோடு ஏற்றிருக்கிறார்கள். முதல் சில நாள் எரியும், கை கழுவாமல் கண்ணைத் தொட்டால் பெரிய தொல்லை, அம்மாவுக்கு ஏற்கனவே சேலை பட்டாலே துடிக்கிறது என்பதால் கேட்காமல் தடவ வேண்டாம்.

தஞ்சை_பிசியோ

உள்ளங்காலில் உணர்வு குறைவு என்று செல்வி எழுதியதும் எனக்குப் பகீர் என்றது. தயவுசெய்து செங்கல் சுட்டு ஒத்தடம், சூடு தவிட்டு மூட்டை, கொதிக்கும் நொச்சித் தண்ணீரில் கால் வைப்பது எதையும் செய்யாதீர்கள். சூடு தெரியாமல் வெந்துபோய்ப் புண்ணாகி வருகிறார்கள், சர்க்கரை இருந்தால் அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். உங்கள் கையால் சூட்டைப் பார்த்த பிறகுதான் எதுவும்.

பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன். நரம்பு வலி என்று பெயர் வைத்ததும் பலர் கட்டிலோடு படுத்துவிடுகிறார்கள். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தொடையை இறுக்கி அழுத்துவது, படுத்தபடி காலை நேராகத் தூக்குவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, இவை போதும், தினமும் வேண்டும். எரிச்சல் உள்ளவர்கள் பாதி அளவில் தொடங்கட்டும், மறுநாள் வலி கூடினால் குறைக்கட்டும், ஆனால் நிறுத்தக் கூடாது. எடையைப் பற்றியும் ஒரு கணக்கு: ஒரு கிலோ குறைந்தால் முட்டியில் விழும் பாரம் ஒவ்வொரு அடிக்கும் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. சர்க்கரைக்கும் அதுவே மருந்து. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார்கள், 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, உங்கள் துணை சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

வயலோரம்

டாக்டர் சொன்னதைப் படித்தேன். கிரியாட்டினின் பார்த்தேன், 1.6 இருக்கிறது, இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். இதுவரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நரம்பு மாத்திரை மட்டுமில்லை, வலி மாத்திரையும் நானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதையும் நிறுத்திவிட்டேன்.

வலிமருத்துவம்_மதுரை

ஐயா, நல்லது, அந்த அறிக்கையோடு இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். டைக்ளோஃபினாக், ஏசிக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது.

மேலூர்_செல்வி

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். நோட்டோடு போனோம், வேறு இடம். மருத்துவர் படத்தைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில் நோட்டைப் படித்தார், பிறகு பஞ்சால் தொட்டார், குண்டூசியால் தொட்டார், அதிர்கிற கவை ஒன்றைக் கால் எலும்பில் வைத்துத் தெரிகிறதா என்று கேட்டார். தொடையின் உள்பக்கம் ஓர் இடத்தில் அழுத்தியதும் அம்மா "அதே வலிதான், அதே வலிதான்" என்றார்.

பி12 மிகக் குறைவு. மூன்று மாதச் சர்க்கரை 8.4 சதவீதம், அதிகம்தான். பாதத்தில் சர்க்கரையால் நரம்பு பாதித்திருக்கிறது, முட்டியில் தேய்மானமும் இருக்கிறது, அதற்கு மேல் அந்த உள்பக்க நரம்பும் சேர்ந்திருக்கிறது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றையும் சேர்த்தே பார்ப்போம் என்றார். பி12 ஊசி போடுகிறார்கள். டுலாக்ஸெட்டின் குறைந்த அளவில் ஆரம்பித்திருக்கிறார்கள். அது மனச்சோர்வுக்கான மாத்திரை என்று கடைக்காரர் சொன்னதும் அம்மா பயந்துவிட்டார். மருத்துவரிடம் போனில் கேட்டோம். நரம்பு வலிக்கும் முட்டி வலிக்கும்கூட அது கொடுக்கப்படுகிறது, தண்டுவடத்தில் வலிச் செய்தியை அடக்கும் வேலையைச் செய்கிறது, திடீரென்று நிறுத்தக் கூடாது, டிரமடால் கலந்த வலி மாத்திரையோடு சேர்க்கக் கூடாது என்று விளக்கினார். முதல் வாரம் குமட்டலும் வாய் வறட்சியும் இருந்தன, இப்போது இல்லை. பிசியோ அக்கா வீட்டுக்கு வருகிறார்.

வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். படி ஏறினால் அப்படியேதான் வலிக்கிறது. சுரீர் என்று இறங்குவது வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாகக் குறைந்திருக்கிறது.

வெளியே வரும்போது அம்மா சொன்னார்: "எவ்வளவு வலிக்குதுன்னு எல்லாரும் கேட்டாங்க. எப்படி வலிக்குதுன்னு இவங்கதான் கேட்டாங்க."

யாழ்வாணி

செல்வி, வாசித்துக் கண் கலங்கிவிட்டது. அம்மா இரவில் நித்திரை கொள்கிறாரா?

மேலூர்_செல்வி

நேற்று விடிகாலை நாலரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன் அக்கா. நல்ல தூக்கத்தில் இருந்தார். போர்வை பாதம் வரைக்கும் போர்த்தியிருந்தது. மறுபடி 14-ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள், பி12 பார்த்துவிட்டு எழுதுகிறேன்.